மாப்பிள்ளை காரின் சக்கரங்கள்

ஜெர்மனியின் ஹம் நகருக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால், ஒரு சிறிய ஏற்றத்தில் மாப்பிள்ளையின் கார் நிற்கிறது. மார்ச் பாதி கடந்தும் பனி கொட்டுகிறது. காரை ஓட்டும் அவருடைய அண்ணன் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. வண்டி மெல்லப் பின்னால் வழுக்குகிறது. முகூர்த்தத்துக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது. தாலியும் கூறைச் சேலையும் உள்ள பெட்டி, சென்னையிலிருந்து வந்த விருந்தாளியான என் மடியில்.

"பனிக்கான டயர் போடலையா?" என்று கேட்கிறேன்.

"நேற்று வரைக்கும் கிடந்தது, அண்ணை. அது கறுப்பு இரும்பு ரிம். வீடியோவில வடிவா இராது எண்டு கழட்டிப்போட்டு, கோடை ரயரோட இந்தப் பளபளா ரிம்மைப் போட்டனான்," என்கிறார் ஓட்டும் அண்ணன்.

மாப்பிள்ளை தலைப்பாகையைப் பிடித்தபடி திரும்புகிறார். "கலியாணம் எனக்கோ, உங்கட ரிம்முக்கோ?"

பின்னால் வந்த வீடியோக்காரரின் பழைய வேன் எங்கள் பக்கத்தில் நிற்கிறது. நான்கு சக்கரத்திலும் கறுப்பு ரிம், ஆழமான பள்ளங்கள் வெட்டிய குளிர்கால டயர். "ஏறுங்கோ தம்பி, நேரம் போகுது," என்கிறார் அவர். மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார், பெட்டியோடு நானும்.

காருக்குக் காவலாக நின்றுவிட்ட அண்ணன் வேனின் கண்ணாடியைத் தட்டுகிறார்.

"மண்டபத்தில போய் இறங்கேக்கை, இந்த வேன் தெரியாமல் வீடியோ எடுங்கோ."

"நான் வேன் ஓடினால், அதை ஆர் எடுக்கிறது?" என்கிறார் வீடியோக்காரர்.

வேன் ஒருமுறைகூட வழுக்காமல் ஏற்றத்தைக் கடக்கிறது.