பக்கத்துக் கூடாரத்து அக்கா

கிள்ளைப் பக்கம் கடலோரச் சவுக்குத் தோப்பில், கத்திரி வெயிலில் கூடாரம் போட்டுத் தங்குவது எங்கள் அலுவலகத்து ஆண்களின் ஆசை. வந்ததில் பெண்கள் இரண்டே பேர். நானும், கூட வேலை பார்ப்பவரின் மனைவியான இந்த அக்காவும். ஒல்லியான உடம்பு, தூக்கிச் செருகிய புடவை, தோளில் ஓர் ஈரத் துண்டு. யார் முகம் வாடினாலும் அந்தத் துண்டை நனைத்துக் கொடுத்து, “தண்ணி குடிங்க, வெயிலு ஜாஸ்தி” என்பார்.

“நீங்க குடிக்கலியாக்கா?”

“குடிச்சா எங்கேம்மா போறது? ஒரு மறைப்பு கெடையாது, சுத்தி ஆம்பளைங்க. வீட்டுக்குப் போயி குடிச்சிக்கிறேன்.”

உச்சிவெயிலில் அவருக்குப் பேச்சு குழறியது. அப்படியே மணலில் சரிந்துவிட்டார். சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆண்கள் வண்டி எடுக்க ஓடினார்கள். அவருடைய துண்டையே நனைத்து அவர் நெற்றியில் போட்டேன். அவர் கணவர் என்னைப் பார்த்துக் கத்தினார்: “கேன் கேனா தண்ணி இருக்கு. ஏன் குடிக்காம இருந்தா?”

 அக்காவின் உதட்டையாவது நனைக்கலாம் என்று, காலையில் என் பங்குக்குக் கொடுத்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திருகினேன். அதன் சீல் அப்போதுதான் உடைந்தது.