சரோஜாம்மாவுக்கு இன்னும் அறுபது ஆகவில்லையாம்!

இன்று தாலுகா ஆபீஸ் கவுண்டரில் ஒரு ஜோக் அடித்தேன்.

செம ஹிட்! அழுகையாக வருகிறது.

ப்ளஸ் டூ லீவு. முதியோருக்காக வேலை செய்யும் சமூகப் பணியாளர் அக்கா ஒருவரோடு மனு எழுதித்தரப் போயிருந்தேன். (சேவை மனப்பான்மை எல்லாம் இல்லை. என் தொல்லை தாங்காமல் அம்மா தள்ளிவிட்டார்!)

முதலில் வந்தவர் சரோஜாம்மா. கேட்பது முதியோர் பென்ஷன். தலைமுடியோ கன்னங்கரேல்!

"ஏனுங்கம்மா, டை அடிச்சுட்டு வந்தா பென்ஷன் எப்படிங்க குடுப்பாங்க?" என்று கேட்டேன்.

"நரை தெரிஞ்சா கம்பெனில நிக்க உடமாட்டாங்க கண்ணு. முப்பது வருசமா பனியன்ல பிசிறு வெட்டுனேன். போன மாசம் பார்வை பத்தலீன்னு நிறுத்திப்போட்டாங்க."

நிஜ வயது அறுபத்தேழு. ஆதார் கார்டில் ஐம்பத்தைந்து!

கார்டு எடுக்கும்போது உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பன்னிரண்டு வருடத்தை முழுங்கிவிட்டார். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்களாம்.

கவுண்டர்காரர் கார்டைப் பார்த்தார். "அறுபது ஆகோணுங்கம்மா. அஞ்சு வருசம் கழிச்சு வாங்க."

அக்கா விடவில்லை. "இவங்க பள்ளிக்கூடமே போனதில்லீங்க சார். பொறந்த சர்டிபிகேட்டும் இல்லீங்க. மூத்த பொண்ணோட கார்டைப் பாருங்க, நாப்பத்தொம்பது வயசு."

என் வாய் சும்மா இருக்குமா? "அப்போ ஆறு வயசுல புள்ளை பெத்தாங்களா சார்?"

க்யூவே சிரித்தது. கவுண்டர்காரரும் சிரித்தார்.

சிரித்துக்கொண்டே மனுவைத் திருப்பித் தந்தார். "நீ சொல்றது நாயந்தான் அம்மிணி. கம்ப்யூட்டர் ஏத்துக்காதே!"

கம்பெனிக்குக் கிழவி, கவர்ன்மென்ட்டுக்குக் குமரி. நடுவில் ஐந்து வருடம் எதைச் சாப்பிடுவது?

வெளியே வந்ததும், கலெக்டரிடம் போகலாம், வயதைத் திருத்தலாம் என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். குரலில் தெம்பே இல்லை. இதே மாதிரி போன மனுக்கள் எதற்கும் இன்னும் பதில் வரவில்லையாம்.

சரோஜாம்மா என் காதருகே குனிந்தார்.

"கண்ணு, நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன்னு ஒத்துக்கிட்டா, புடிச்சு உள்ள போட்டுருவாங்களா?"

"ஐயோ, அதெல்லாம் மாட்டாங்கம்மா!"

அவர் முகம் வாடிவிட்டது.

"அங்கன்னா மூணு வேளைச் சோறு போடுவாங்கன்னு சொன்னாங்களே..."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

பிறப்புச் சான்று இல்லாமல் ஆதாரில் வயதைத் திருத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ன காகிதம் கொடுத்தீர்கள்? கமென்ட்டில் சொல்லுங்கள்.

ஹாஹா மட்டும் போட்டுவிடாதீர்கள், ப்ளீஸ்.