புது ஸ்க்ரீனுக்காகக் காத்திருந்தவர்

1. ஒரே ஒரு நாற்காலி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு உலோகப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்தேன். முதல் நாள் என்னை ஓர் அறைக்கு அழைத்துப்போன ஹெச்.ஆர்.காரர், "இதான் மேடம் உங்க டிபார்ட்மென்ட்" என்றார். உள்ளே சர்வர் ரேக், மேஜை, நாற்காலி, சுவரில் ஏ.சி. யாராவது வந்தால் உட்கார இன்னொரு நாற்காலி வேண்டும் என்று கேட்டேன். யார் வரப்போகிறார்கள் என்று அவர் நிஜமாகவே யோசித்தார். நாற்காலி வரவில்லை.

அவர் யோசித்தது சரிதான். ஏதாவது கெட்டுப்போனால்தான் என் கதவு திறக்கும். பிரின்டர் ஓடவில்லை, மெயில் போகவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது. சரிசெய்து கொடுத்தால் தேங்க்ஸ் மேடம், கதவு மூடும். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் காலை முதல் மாலை வரை ஒரு வார்த்தை பேசாமல் மீஞ்சூருக்கு ரயிலேறியிருக்கிறேன். வீட்டிலும் நான் ஒருத்திதான். அம்மா போன பிறகு, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டி.வி.யைப் போட்டுவிடுவேன். பார்ப்பதற்காக இல்லை, சத்தத்துக்கு.

எதுவும் கெட்டுப்போகாமலே என்னிடம் வந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மேடம், லேப்டாப் இப்ப வாங்கலாமா, கொஞ்சம் வெயிட் பண்ணலாமா?"

அக்கவுன்ட்ஸ்காரர் மகளின் காலேஜுக்காகக் கேட்பார். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி தம்பிக்காகக் கேட்பார். பிளான்ட் ஹெட் ஒவ்வொரு வருடமும் பட்ஜெட் சமயத்தில் கேட்பார். இந்தக் கேள்விக்காகவே நான் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படிப்பேன். அடுத்த தலைமுறை சிப் எப்போது, ரேம் விலை ஏறுமா, பழைய விண்டோஸுக்கு அப்டேட் நிற்கப்போகிறதா, தீபாவளிக்குக் குறையுமா. வெளிவராத மாடல்களின் கசிந்த படங்கள், யாரோ சொன்னதாக யாரோ எழுதியது, எல்லாம் படிப்பேன். பாதி பொய்யாகப் போகும். ஆனாலும் நாலு பேர் வந்து கேட்பார்கள் என்கிற நினைப்பு எனக்கு வேண்டியிருந்தது.

கேட்டவர்கள் பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வாங்கினார்களா இல்லையா என்பதுகூடப் பெரும்பாலும் எனக்குத் தெரியாது.

2. காதைப் பார்த்துப் பேசுகிறவர்

முனிரத்தினம் டிசைன் பிரிவில் இருந்தார். பிரஸ் மெஷினில் பூட்டும் டைகளை, அதாவது தகட்டை வெட்டி வளைக்கிற அச்சுகளை, கம்ப்யூட்டரில் வரைகிறவர். பள்ளிப்பட்டுப் பக்கம். மனைவி அங்கே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் பஜாருக்குப் பின்னால் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் திங்கள் காலைதான் திரும்புவார்.

அவரும் அதே கேள்வியோடுதான் வந்தார். ஆனால் அவர் கேட்ட விதம் வேறு. மற்றவர்கள் ரேம் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு நேரம் என்பார்கள். இவர் ஸ்க்ரீனைத் தவிர எதையும் கேட்கவில்லை. எவ்வளவு பெரிசு, வெளிச்சம் எவ்வளவு, கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியுமா, லைட் பட்டால் கூசுமா. நான் ஒரு மாடலைச் சொன்னால் அதைவிட நல்லது எப்போது வரும் என்பார். ஆறு மாதத்தில் வரலாம் என்றால் சரி, வெயிட் பண்ணலாம் என்பார்.

அப்படியே சாப்பாட்டு நேரத்தில் வர ஆரம்பித்தார். உட்கார இடமில்லாததால் இருவரும் கேன்டீனில் கடைசி மேஜைக்குப் போனோம். எந்த கம்பெனி எந்த மாதம் இறக்கும் என்று நான் ஒரு கணக்குச் சொல்வேன், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். இருவரும் சேர்ந்து காத்திருந்த ஒரு மாடல் கடைசியில் இந்தியாவுக்கே வராமல் போனபோது, சொந்தக்காரர் கல்யாணம் நின்றுபோன மாதிரி வருத்தப்பட்டோம். ரயிலில் போகும்போது ஏதாவது செய்தி கண்ணில் பட்டால் நாளைக்கு முனிரத்தினத்திடம் சொல்ல வேண்டும் என்று தோன்றும். நாளைக்குச் சொல்ல ஓர் ஆள் இருப்பது எனக்கு அதற்கு முன் வெகுகாலம் வாய்க்கவில்லை.

பேசும்போது அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். பார்வை என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ நிற்கும். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

3. பிளாட்டர் பேப்பர்

ஒருநாள் பிளான்ட் ஹெட் கூப்பிட்டார். பிளாட்டர் என்பது பெரிய தாளில் வரைபடம் அடிக்கும் பிரின்டர். அதன் பேப்பர் ரோல் ஏன் இவ்வளவு வேகமாகத் தீர்கிறது, யார் இப்படி அடித்துத் தள்ளுகிறார்கள், பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

பார்த்தேன். எல்லாம் முனிரத்தினம். சின்ன வாஷர் வரைபடத்தைக்கூட முழுத் தாளில் அடித்திருந்தார். அதே வாரம் ஆன்டிவைரஸ் போடுவதற்காக என் இடத்திலிருந்தே அவருடைய கம்ப்யூட்டருக்குள் போனேன். மவுஸ் அம்பு கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டும் மேக்னிஃபையர் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு எண்ணின் மேல் நின்று, நகர்ந்து, மறுபடியும் அதே எண்ணுக்கு வந்து நின்றது. மூன்றா எட்டா என்று தெரிந்துகொள்ள அவர் படும் பாட்டை நான் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆன்டிவைரஸ் போடாமலே வெளியே வந்துவிட்டேன்.

பிளான்ட் ஹெட்டுக்குப் பதில் சொல்வதற்கு முன் முனிரத்தினத்திடம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கேன்டீனில் கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன். மறைக்கவில்லை.

"நடுவுல ஒரு பொக மாதிரி கீது மேடம். சைடுல தெரியும். அதான் உங்க காதப் பாத்துக்கினு பேசுறேன், அப்பதான் உங்க மூஞ்சி தெரியும்."

பரம்பரையாக வருகிற விழித்திரை நோயாம். கண்ணாடி மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆபரேஷனும் கிடையாது. அவருடைய நைனாவுக்கும் இதே வயதில்தான் ஆரம்பித்ததாம். கடைசிக் காலத்தில் வரப்பில் தடுமாறாமல் நடப்பார், ஆனால் பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயரைப் படிக்க முடியாது. இவருக்குப் பார்வை இன்னும் எத்தனை வருடம் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. வீட்டில் பாதிதான் சொல்லியிருந்தார். ஆபீசில் யாருக்கும் தெரியாது.

பள்ளிப்பட்டிலேயே உட்கார்ந்து சின்னச் சின்ன பட்டறைகளுக்கு டை வரைந்து கொடுக்கலாம் என்பது அவர் திட்டம். அதற்குத்தான் லேப்டாப்.

"கண்ணால பாத்து வாங்கப்போறது இந்த ஒண்ணுதான் மேடம். அதான் இருக்கறதுலயே நல்ல ஸ்க்ரீனா வரட்டும்னு பாத்துக்கினு கீறேன்" என்றார்.

நான் ஆறுதல் சொல்லத் தெரிந்தவள் இல்லை. எனக்குத் தெரிந்தது லேப்டாப். அதைத்தான் சொன்னேன்.

"அடுத்த வருஷம் வர்ற ஸ்க்ரீன் இதவிட நல்லாத்தான் இருக்கும் முனிரத்தினம். அடுத்த வருஷம் உங்க கண்ணு இதே மாதிரி இருக்குமா?"

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். எழுந்து போய்விட்டார்.

4. காலியான மேஜை

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டிசைன் பிரிவு என் அறையிலிருந்து கூப்பிடு தூரம்தான். போய்ப் பார்த்திருக்கலாம். கால் எழவில்லை. கேன்டீனில் கடைசி மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கத்து மேஜையில் பிரஸ் ஷாப் ஆட்கள் யாருடைய வளைகாப்பைப் பற்றியோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனை எடுத்துச் செய்திகளைப் புரட்டினேன். அந்த வாரம் பார்த்து ஒரு பெரிய அறிவிப்பு வந்திருந்தது. புது மாடல்கள், புது ஸ்க்ரீன். முதல் முறையாக நான் அதைப் படிக்காமல் மூடினேன்.

பிளான்ட் ஹெட்டிடம், டிசைன் ஆட்கள் செக்கிங்குக்காகப் பெரிதாக அடிக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. அவர் தலையாட்டினார். ஆனால் இதை எவ்வளவு நாள் இப்படி வைத்திருக்க முடியும் என்ற பயம் எனக்கு இருந்தது. டையில் ஒரு அளவு தப்பினால் உடைவது இரும்பு மட்டுமில்லை, பிரஸ்ஸில் கை வைத்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம் கதவு திறந்தது. முனிரத்தினம்.

"எப்ப போலாம் மேடம், வாங்கறதுக்கு?"

பிளான்ட் ஹெட்டிடம் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். ஹெட் முதலில் கோபப்பட்டிருக்கிறார். "ஏன்யா இதை முன்னாடியே சொல்லல? நான் என்ன உன்னைத் தூக்கியா போட்டுடுவேன்?" என்று கேட்டாராம். பிறகு இவரை டை வரைகிற வேலையிலிருந்து எடுத்து, எஸ்டிமேஷனில், விலை கணக்கிடும் பிரிவில் போட்டார். அங்கே தப்பு வந்தால் இன்னொருவர் பார்த்துத் திருத்திவிடலாம்.

5. கடையில்

அந்தச் சனிக்கிழமை அவர் ஊருக்குப் போகவில்லை, இருவரும் ரயிலேறி சென்னைக்குப் போனோம். கடையில் விற்பனைப் பையன் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்தான். ப்ராசஸர், ஆஃபர், அடுத்த மாதம் புது மாடல் வருகிறது, ஆனால் விலை கூடும். முனிரத்தினம் கேட்டுக்கொண்டே பாக்கெட்டிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். அதில் அவர் முன்பு வரைந்த டை ஒன்றின் வரைபடம் இருந்தது. அதை ஒவ்வொரு லேப்டாப்பிலும் திறக்கச் சொன்னார்.

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஸ்க்ரீனுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி நின்றார். பையன் என்னைப் பார்த்தான். பொறு என்று கையைக் காட்டினேன். ஒரு மாடலில் அதிக நேரம் நின்றார். அடுத்ததற்குப் போனார். திரும்பி வந்தார்.

"இதுல கோடு பிரிஞ்சி தெரியுது மேடம். ரெண்டு கோடு ரெண்டாவே கீது" என்றார்.

அதை வாங்கினோம். திரும்பி வரும்போது பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மீஞ்சூரில் நான் இறங்கினேன். அவர் கும்மிடிப்பூண்டி வரை போக வேண்டும். ஜன்னலோரம் இருந்தவரைப் பார்த்துக் கையாட்டினேன். அவர் நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேராகப் பார்த்தால் அவருக்கு நான் தெரிய மாட்டேன் என்பது ரயில் நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

6. வந்த ஸ்க்ரீன்

கொஞ்ச காலம் எஸ்டிமேஷனில் இருந்துவிட்டு, வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டார். அவர் கிளம்பிய அன்று என் அறைக்கு வந்து சர்வர் ரேக்கில் சாய்ந்தபடி நின்றார். லேப்டாப் ஊரில் எப்படி ஓடுகிறது என்று போன் செய்து சொல்லச் சொன்னேன். லேப்டாப்பைத் தவிர வேறு எதையும் பேசிப் பழகியிருக்கவில்லை.

அதற்கப்புறம் எப்போதாவது போன் வரும். நாங்கள் காத்திருந்த மாதிரி ஸ்க்ரீன் ஒருநாள் நிஜமாகவே வந்தது. நான் அவரிடம் சொல்லவில்லை. அவரே கேள்விப்பட்டுப் போன் செய்தார்.

"வந்துச்சாமே மேடம்? பாத்தீங்களா, எப்டி கீது?"

"பாத்தேன். நல்லா இருக்கு" என்றேன்.

"இருந்துட்டுப் போவட்டும். அதுக்குள்ள நான் இத்த வச்சி நாலு டை முடிச்சிட்டேன். அளவ பட்டறையில இன்னொரு தபா பாத்துக்குவாங்க. நாலும் ஓடிக்கினு கீது" என்றார். குரலில் வருத்தம் இல்லை. நான்தான் போனை வைத்துவிட்டு ஏ.சி. சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

7. கடைசியாக அவர் கேட்டது

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அவரிடமிருந்து போன் வந்தது. பழைய லேப்டாப் ஓடாமல் போய்விட்டது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும், எது நல்லது என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனதில் இருந்த மாடல்களையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். ஸ்க்ரீன் அளவு, வெளிச்சம் என்று போய்க்கொண்டே இருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது எப்டி இருந்தாலும் சரி மேடம். கீபோர்டு எப்டி கீது? படிச்சிக் காட்டுற வாய்ஸு தெளிவா கேக்குமா?"

ஸ்க்ரீன் பேச்சை அப்படியே விட்டேன். இப்போது வரைவதில்லையாம், பட்டறைக்காரர்கள் அளவு சொன்னால் விலை போட்டுக் கொடுக்கிறாராம். எழுத்தைக் குரலாக்கிப் படிக்கும் சாஃப்ட்வேர் வைத்துக்கொண்டு, எல்லாம் காதால்தான்.

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, மறுநாளே சென்னைக்கு ரயிலேறினேன். ஒவ்வொரு லேப்டாப் முன்னாலும் நின்று கண்ணை மூடிக்கொண்டு அவர் பெயரைத் தட்டச்சு செய்து பார்த்தேன். எஃப் எழுத்திலும் ஜே எழுத்திலும் விரலுக்குத் தட்டுப்படும் சின்ன மேடு எதில் நன்றாக இருக்கிறது என்று தடவினேன். ஸ்பீக்கரில் குரலை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். இத்தனை வருடம் லேப்டாப் பார்த்தவள், அன்றைக்குத்தான் ஒன்றை அப்படிப் பார்த்தேன். கண்ணைத் திறந்தபோது விற்பனைப் பெண் ஒருத்தி, உடம்பு சரியில்லையா ஆன்ட்டி என்று தண்ணீர் பாட்டிலோடு நின்றாள்.

கடை வாசலில் இருந்தே அவருக்குப் போன் செய்து மாடல் பெயரைச் சொன்னேன்.

இப்போது சிஸ்டம் வேலையில் இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அடுத்த மாடல் எப்போது வரும் என்று நெட்டில் தேடினால் கிடைக்கும். உங்களிடம் வந்து நிற்கிறவர் எதற்காகக் காத்திருக்கிறார், அவரால் எவ்வளவு நாள் காத்திருக்க முடியும் என்பது அங்கே கிடைக்காது. அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். அவசரமில்லாமல் கேளுங்கள். பல சமயம், அன்றைக்கு அவரிடம் அப்படிக் கேட்கிற ஒரே ஆள் நீங்களாக இருப்பீர்கள்.