நான் நெகேமியாவாக இருந்த வருஷம்

விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் பார்த்த கேங்மேனின் மகன் நான். பெயர் மாசிலாமணி. எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தரம் தோற்றேன். அதன்பிறகு வேறு யாரும் என்னைக் கூப்பிடாததால் கர்த்தர் கூப்பிட்டது எனக்குத் தெளிவாகவே கேட்டது. எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்போம். திண்டிவனத்து ஐயர் என்னை ஒலக்கூருக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் காலனிக்கு, ஜெபம் நடத்தும் உபதேசியாராக அனுப்பினார். அது 1957.

நான் போன வருஷமே ஐப்பசி மழையில் ஜெபவீட்டின் மண்சுவர் விழுந்துவிட்டது. கூரை மட்டும் கம்புகளின் மேல் நின்றது. காலனியில் எல்லாரும் கூலி வேலைக்காரர்கள். இனி செங்கல் சுவர்தான் என்று முடிவு செய்தவள் அஞ்சம்மாள். கணவனை இழந்தவள், நாற்பது வயதிருக்கும். பகலெல்லாம் நிலக்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கிவிட்டு வந்து அதே கையோடு செங்கல் அறுப்பாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் இறங்கினார்கள். சூளை போட்டார்கள். அவள் தம்பி பச்சைமுத்து கொத்தனார், சுவரை எழுப்ப ஆரம்பித்தான். எல்லா வேலையையும் அவர்களே பார்த்துக்கொண்டதால் நான் பிரசங்கம் செய்தேன்.

வேதத்தில் நெகேமியாவைப் பிடித்துக்கொண்டேன். எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டப் போனவர் அவர். கட்டவிடாமல் சன்பல்லாத், தொபியா என்று செல்வாக்குள்ள ஆட்கள் கூட்டுச் சேர்ந்து கேலி செய்தார்கள், புரளி கிளப்பினார்கள், பேச வா என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். பெரிய வேலையில் இருக்கிறேன், வர முடியாது என்று நெகேமியா சொல்லிவிட்டார். அவருடைய ஆட்கள் ஒரு கையில் வேலையும் மறுகையில் ஆயுதமுமாகக் கட்டி முடித்தார்கள். நாமும் அப்படித்தான் கட்ட வேண்டும் என்று மேசையைத் தட்டினேன்.

"ரெண்டு கையும் சேத்துலதான கீது, மூணாவது கைக்கு எங்க போறதுங்க?" என்றாள் அஞ்சம்மாள். அவளுக்கு ஆவிக்குரிய அர்த்தம் புரியவில்லை என்று வருத்தப்பட்டேன்.

சன்பல்லாத்தை நான் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. கிராமத்துக் கணக்குப்பிள்ளை கோதண்டபாணி தானாகவே வந்தார். அவர் வீட்டுக் கொல்லைச் சுவரே மண்சுவர். தன் நிலத்தில் கூலிக்கு வருகிறவர்கள் செங்கல் சுவருக்குள் உட்காருவதா என்பதுதான் அவருடைய பேஜாரு. ஆனால் அதை அப்படியே எழுதித் தர முடியுமா? மணியக்காரரையும் பஞ்சாயத்து குமாஸ்தாவையும் சேர்த்துக்கொண்டு, புதுச் சுவர் மந்தைவெளியில் நிற்கிறது, மாடுகள் ஏரிக்குப் போக வழியில்லை என்று தாலுகா ஆபீசுக்கு மனு போட்டார். போட்ட கையோடு சுவரைப் பார்க்கவும் வந்தார். ஒரு நரி உரசினாலே இது விழுந்துவிடும் என்று சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தொபியா சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்! அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லாததுதான் பாக்கி. அந்த ஆவேசத்தில் அன்று சாயங்காலமே பச்சைமுத்துவிடம் கரண்டியை வாங்கி, கிழக்கு மூலையை நானே எழுப்பினேன். சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு வைத்துப் பாருங்கள் என்று அவன் கெஞ்சினான். விசுவாசத்துக்குத் தூக்குக்குண்டு எதற்கு என்று கேட்டேன்.

ஒரு மாதம் கழித்து தாலுகா ஆபீஸ் பியூன் விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் கொண்டுவந்தான். மனு போட்டவர்களும் வருவார்கள், நான் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். வேறு யாராக இருந்தாலும் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்திருப்பான். நான் நெகேமியா ஆயிற்றே. நான் பெரிய வேலையில் இருக்கிறேன், வருவதற்கில்லை என்று எழுதிப் பியூனிடமே கொடுத்தனுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சபையில் வாசித்தும் காட்டினேன்.

விசாரணை நாளில் கணக்குப்பிள்ளை போனார், நான் போகவில்லை. ஒரு தரப்பை மட்டும் கேட்டார்கள், ஒரு தரப்புக்குத் தீர்ப்பானது. புதுச் சுவரை அப்புறப்படுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது.

சபையில் யாரும் என்னைத் திட்டவில்லை. அஞ்சம்மாள் ஒன்றுதான் கேட்டாள்: "இடிக்கறவங்கள கல்லு ஒடையாம இடிக்கச் சொல்றீங்களா?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே திண்டிவனம் போய் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நின்றேன். உச்சிவேளைக்கு டிப்டி தாசில்தார் தேவநாதன் உள்ளே கூப்பிட்டார். நெற்றியில் நாமம், கையில் என் கடிதம். அவர் மிஷன் ஸ்கூலில் படித்தவர், வேதப்பாடத்தில் பரிசு வாங்கியவர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"நெகேமியா கவர்மெண்டு உத்தியோகஸ்தருங்க உபதேசியாரே," என்றார். "ராஜா முன்னாடி நின்னு லீவு கேட்டு, மரம் வெட்டக்கூட பர்மிஷன் லெட்டர் வாங்கிட்டுத்தான் போனாரு. நீங்க அந்தப் பக்கத்தைப் புரட்டலையா?"

புரட்டியிருந்தேன். பிரசங்கத்துக்குச் சூடு போதாது என்று விட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இடிப்பதற்கு முன் நானே வந்து இடத்தைப் பார்க்கிறேன் என்றார்.

சொன்னபடி ஜீப்பில் வந்தார். கணக்குப்பிள்ளை மாட்டுவழியைப் பற்றி விலாவாரியாகப் பேசினார். தேவநாதன் புளியமரத்தடியில் நாற்காலி போடச் சொல்லி, மாடுகள் திரும்பும்வரை பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டார். பொழுது சாய மந்தை வந்தது. ஜெபவீட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாக, எந்த மாடும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. கடைசியில் வந்தது ஒரு எருமை, கணக்குப்பிள்ளையுடையதுதான். நேரே கிழக்கு மூலைக்கு வந்து, விலாவைச் சாய்த்து, தேய் தேயென்று தேய்க்க ஆரம்பித்தது.

நரிக்கே விழும் என்ற சுவர். அதிலும் நான் கட்டிய மூலை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். உபதேசியார் ஜெபிக்கிறார் என்று சுற்றியிருந்தவர்கள் தலையைக் குனிந்தார்கள். நான் ஜெபிக்கவில்லை, சுவர் விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது எருமை அரிப்புத் தீர்ந்து போய்க்கொண்டிருந்தது. மூலை நின்றது. மாடுகளுக்கு வழி இருப்பதைக் கண்ணால் பார்த்தாயிற்று என்றார் தேவநாதன். உத்தரவை நிறுத்திவைக்கிறேன், திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து இடத்துக்கு முறைப்படி விண்ணப்பம் கொடுங்கள் என்றார். கணக்குப்பிள்ளை எருமையின் பின்னாலேயே நடந்தார்.

ஜீப் போனபின் அஞ்சம்மாளிடம் சொன்னேன், விண்ணப்பம் முடிகிறவரை அடிக்கடி திண்டிவனம் போக வேண்டியிருக்கும், நான் இல்லாத சமயத்தில் வேலை என்னாகுமோ, அந்தக் கிழக்கு மூலையை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது என்று.

"அந்த மூலைய நீங்க கட்டின மறுநாளே பிரிச்சு, பச்சமுத்து ஒழுங்கா கட்டிட்டானுங்க," என்றாள். "நீங்க தைரியமா போய்ட்டு வாங்க. செவுரு எங்கயும் போவாது."