ஆறுச்சாமி கப்பல் வாங்கினது

ஆறுச்சாமியின் அப்பன் வைத்துவிட்டுப் போன கடன் ஏழாயிரத்து முன்னூறு ரூபாய். அன்னூருக்குப் பக்கத்தில் வெட்டின கிணற்றுக்கு வாங்கியது. எவ்வளவு தோண்டியும் கிணற்றில் ஊற்று இல்லை, வட்டி மட்டும் நன்றாக ஊறியது. அந்தக் கடனை அடைக்கத்தான் அஞ்சாங் கிளாசோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கணபதியில் ஒரு பவுண்டரிக்கு மண் சலிக்க வந்தார். கடனையும் அடைத்தார், லேத்து வேலையையும் கற்றுக்கொண்டார். இன்றைக்குப் பீளமேட்டில் அவருடைய பம்பு கம்பெனியில் நாற்பது பேர் சம்பளம் வாங்குகிறார்கள். சிபாரிசு என்று ஒருத்தர் வாசலில் போய் நின்றதில்லை. எத்தனை படித்தவர்களால் இப்படிச் சொல்ல முடியும்?

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைக் கண்டு பயம் வந்ததோ அதை விலைக்கு வாங்கிவிடுவார். கூட வேலை பார்த்தவனின் விரலைத் தின்ற லேத்து ஏலத்துக்கு வந்தபோது, மற்ற மெசின்களை விட்டுவிட்டு அதைத்தான் எடுத்தார். ஸ்டியரிங்கைத் தொடவே பயந்த வருசம் பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினார். "நம்முளுதாயிட்டா அது நம்மளக் கடிக்காதுங்க" என்பார். சொன்னபடி எதுவும் கடிக்கவில்லை.

தண்ணீர் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கொங்கு நாட்டில் பாதிக் கிணறுகளிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிக் கொடுத்த மனுசனுக்கு நீச்சல் தெரியாது. வாலிபத்தில் ஒரு கிணற்றுக்குள் பம்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து மண் சரிந்து, மேலேயிருந்து கயிறு வரும் வரைக்கும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார். அதற்கப்புறம் பவானி கூடுதுறைக்குப் போனாலும் படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வதோடு சரி. இது அவர் சம்சாரம் ராமாத்தாளைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன தை மாசம் ஒரு டீலர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொச்சி போனவர், கடலோடு சேர்கிற காயல் ஓரத்தில் ஒரு படகைப் பார்த்தார். வெள்ளை நிறம், பழசு. உள்ளே சின்னதாக ஒரு அறை, இரண்டு பேர் படுக்க மெத்தை, கேஸ் அடுப்பு, கக்கூசு எல்லாம் இருந்தன. தரைப்பலகைக்குக் கீழே டீசல் எஞ்சின். விற்பனைக்கு என்று அட்டை தொங்கியது. அந்தப் பலகைக்கு அடியில் எத்தனை ஆள் ஆழம் இருக்கும் என்று நினைத்த மாத்திரத்தில் இரண்டு எட்டுப் பின்னால் வந்தார். உடனே விலை கேட்டுவிட்டார்.

கோயமுத்தூர் திரும்பி, பம்பு முதலாளிகள் சங்கத்தில் டீ குடிக்கும்போது, "கப்பல் வாங்கப் போறேனுங்க" என்று போட்டு உடைத்தார். 

"ஏனுங்க, தண்ணியில்லாத நொய்யல்லயா ஓட்டப் போறீங்க?" என்று ஒருத்தர் கேட்க, சங்கமே சிரித்தது. சிரிக்கட்டும். லேத்து வாங்கினபோதும் இப்படித்தான் சிரித்தார்கள்.

படகின் சொந்தக்காரி பக்ருன்னிசா. கோவை கோட்டைமேட்டில் பிறந்து கொச்சிக்கு வாக்கப்பட்டவர். வீட்டுக்காரர் காலமானபின் படகைப் பராமரிக்க முடியவில்லை. பக்ருன்னிசாவின் அண்ணன் மகன் முஜீப்தான் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். விலை பதினோரு லட்சம் என்று படிந்தது. பத்து லட்சத்தை முதலிலேயே பேங்கில் போட்டுவிடுவது, ஒரு லட்சம் ரொக்கத்தை ஓட்டிப் பார்த்தபின் கையில் கொடுப்பது என்று பேச்சு.

ஓட்டிப் பார்க்கிற அன்றைக்கு ராமாத்தாளும் கூட வந்தார். பக்ருன்னிசாவோடு படகுத்துறையிலேயே நின்றுகொண்டார்.

"ஏறு புள்ள."

"நானா? ரெண்டு பேருல ஒருத்தராச்சும் ஊடு போய்ச் சேரோணுமில்லீங்க."

ஆறுச்சாமி சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டு ஏறினார். கால் வைத்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பிடிக்க எதுவும் அகப்படாமல் முஜீப்பின் சட்டையைப் பிடித்தார். மிதவைச் சட்டையை அவரே கேட்டு வாங்கி மாட்டினார்.

"பக்கத்துலதானுங்க போறோம், எதுக்குங்கய்யா?" என்றான் முஜீப்.

"குளுருதுங்க தம்பி."

"இந்த வெயில்லயா?"

அவர் சட்டையின் நாடாவில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

படகு காயலைத் தாண்டிக் கப்பல் வரும் ஆழத்துக்குப் போனது. கரை சின்னதாகிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்க மனசில்லாமல், எஞ்சினைப் பார்க்கிறேன் என்று சொல்லி உள்ளே இறங்கிப் பலகையைத் தூக்கினார். எஞ்சின் சத்தம் சுத்தமாக இருந்தது. காதை வைத்தே சொல்லிவிடுவார், அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அப்போதுதான் பின்னால் கண் போனது. எஞ்சினிலிருந்து படகைத் தள்ளும் விசிறிக்குப் போகிற சாஃப்ட் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில் கிளாண்டு என்கிற அடைப்பு இருந்தது. சாஃப்டைச் சுற்றிக் கயிறு அடைத்து, நட்டுப் போட்டு இறுக்கியிருந்தார்கள். அங்கேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

கிளாண்டு சொட்ட வேண்டும். அந்தச் சொட்டுத் தண்ணீர்தான் சாஃப்டைக் குளிர வைக்கிறது, சொட்டை நிறுத்தினால் எரிந்து போகும். பம்பு வேலைக்கு வருகிற ஒவ்வொருத்தனுக்கும் முதல் நாளே அவர் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் பம்பில் சொட்டுவது தோட்டத்துத் தண்ணீர். இங்கே உள்ளே வந்துகொண்டிருந்தது கடல். வழக்கமாகப் பாக்கெட்டில் வைத்திருக்கும் ஸ்பேனரை எப்போது எடுத்தார், எத்தனை சுற்றுத் திருகினார் என்று அவருக்கே தெரியவில்லை. சொட்டு நின்றது. அப்பாடா என்று மெத்தையில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது. பலகை இடுக்கிலிருந்து புகை எழும்பியது. முஜீப் ஓடிவந்து எஞ்சினை நிறுத்தினான்.

"அய்யா, ஏதாச்சும் தொட்டீங்களா?"

"நா எதுக்குங்க தொடறேன்?"

எஞ்சின் நின்றதும் தண்ணீர் படகில் மோதுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அது இத்தனை நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. முஜீப் மேலே போய்ப் போனில் யாரையோ கூப்பிட்டான், எடுக்கவில்லை. தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் அடுக்குமாடி வீடு மாதிரி நகர்ந்து போனது. அது கிளப்பிவிட்ட அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. அடுப்பிலிருந்த கெட்டில் உருண்டது. ஆறுச்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். கோனியம்மா என்று ஊர்த் தெய்வத்தைக் கூப்பிட நினைத்தார், வாயில் 'கோ' மட்டும் வந்தது.

செய்ய வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். இறுக்கினதைத் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் தண்ணீர் வரும். தன் கையாலேயே கடலுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும்.

ஸ்பேனரை நட்டில் வைத்தார். கை வேலை செய்யவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். நட்டு அசைந்தது. உஸ்ஸென்று ஆவி எழும்பி முகத்தில் அடித்தது. பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சி முழங்காலை நனைத்தது. கண்ணை மூடிக்கொண்டார். கழுத்து வரை வருமோ என்று காத்திருந்தார். வரவில்லை. சாஃப்ட் ஆறட்டும் என்று விட்டுவைத்து, பிறகு கொஞ்சமாக நட்டை முடுக்கினார். பீய்ச்சல் குறைந்து சொட்டானது.

"இப்பப் போடுங்க தம்பி. மெதுவா."

எஞ்சின் ஓடியது. கரை சேரும் வரை அவர் அந்தச் சொட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

துறையில் பக்ருன்னிசாவின் முகம் வாடியிருந்தது. "புகையைப் பார்த்தேனுங்கண்ணா. அவரு இருக்கையில ஒருநாளும் இப்படி ஆனதில்ல. வேண்டாம்னா சொல்லுங்க, பேங்க் பணத்தத் திருப்பிடறேன். வேணும்னா பத்தோட எடுத்துக்கங்க, ரொக்கம் ஒரு லட்சம் எனக்கு வேண்டாம்."

ராமாத்தாள் கிட்டே வந்து, "நல்ல சாக்குங்க. ஓட்டைப் படகுன்னு சொல்லிப்போட்டு வாங்க போலாம்" என்று கிசுகிசுத்தார்.

நல்ல சாக்குதான். கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்தார் என்று சங்கத்திலும் மெச்சுவார்கள். ஆறுச்சாமி கார் நிற்கிற பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"படகுல ஒரு குத்தமுமில்லீங்க அம்மணி. கிளாண்டை நாந்தான் இறுக்கிப்போட்டேன்."

"தொடலைன்னீங்களே அய்யா!" என்றான் முஜீப்.

"பொய்யிங்க தம்பி." மிதவைச் சட்டையின் நாடாவை அவிழ்க்கப் பார்த்தார், முடிச்சு இன்னும் இறுகியது. "பயந்துபோட்டேன்."

ராமாத்தாள் அவரையே பார்த்தார். "எங்க, இன்னொருக்காச் சொல்லுங்க?"

"செவுடா உனக்கு? பயந்துபோட்டேன்னேன். போ, கார்ல பணம் வெச்ச மஞ்சப்பையை எடுத்தா."

ராமாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போய்ப் பையை எடுத்து வந்தார். பக்ருன்னிசா, "அண்ணா, பாதியாச்சும் கொறச்சுக்கங்க" என்றார். ஆறுச்சாமி மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, கையை நீட்டச் சொன்னார்.

நோட்டுக் கட்டை அப்படியே கொடுத்திருக்கலாம். எண்ணாமல் கொடுத்த பழக்கம் அவருக்கில்லை. கிரீஸ் படிந்த விரலால் ஐந்நூறு ஐந்நூறாக அந்த விரிந்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தார். மிதக்கிற துறை காலுக்கடியில் ஏறி இறங்கும்போதெல்லாம் எண்ணிக்கை தப்பியது. எடுத்து மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மூன்றாவது தடவை ராமாத்தாளின் தோளை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கடைசி நோட்டு வரைக்கும் வைத்து முடித்தார்.