பக்கத்து வீட்டுக்கு ஒரு நன்றி

ஜூலை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் எழுந்து வெந்நீர் போட்டேன். மனைவிக்கு மாத்திரை கொடுத்து, சோறு வடித்து மூடிவைத்துவிட்டு, பனி விலகுவதற்குள் தேயிலைத் தோட்ட அலுவலகத்துக்கு ஏறினேன். நான் அங்கே கிராணி. ஆள் கணக்கு எழுதுவது, கொழுந்தின் எடையைப் பதிவது, லோரிக்காரரிடம் கையெழுத்து வாங்குவது என்று என் காலைகள் இதே வரிசையில்தான் போகும். மூட்டை இறக்கும் வங்காளதேசத் தொழிலாளிகளுக்கு அவர்கள் மொழியிலேயே நன்றி சொல்வேன். பஸ் டிரைவராக இருந்தாலும் மளிகைக்கடைச் சீனராக இருந்தாலும் மலாயில் 'தெரிமா காசே' என்று நன்றி சொல்லாமல் நகரமாட்டேன்.

அன்று ஒரு வேலை கூடுதலாக இருந்தது. மத்தியானம் தானா ராத்தா டவுனுக்குப் போய் ஒரு பெரிய பிஸ்கட் டின்னும் ஆப்பிளும் வாங்கி, பளபளப்பான தாளில் சுற்றி ரிப்பன் கட்டச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு.

போன மாதம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து தோள் எலும்பு முறிந்தது. கோலா தெர்லாவுக்குக் காய்கறி ஏற்றக் கிளம்பிய அக்காவின் கணவர், லோரியைத் திருப்பி எங்களை மருத்துவமனையில் கொண்டுபோய் இறக்கினார். அன்றிலிருந்து எங்கள் துணியும் அக்கா வீட்டுக் கொடியில்தான் காய்ந்தது. சாயங்காலமானால் அக்கா பின்பக்கமாக உள்ளே வந்து, குழம்பை வைத்து, மனைவியைத் திட்டித் திட்டியே சாப்பிட வைத்துவிட்டுப் போவார். இதற்கெல்லாம் முறையாக ஒரு நன்றி சொல்ல வேண்டாமா?

அவர் வீட்டு முன்வாசலில் நின்று, "நீங்க செஞ்ச உதவிக்கெல்லாம் ரொம்ப நன்றிக்கா" என்று பொட்டலத்தை நீட்டினேன்.

அக்கா ரிப்பனைப் பார்த்தார். பிறகு என்னை.

"என்னாது இது? தோட்டத்துத் துரை மாத்தலாகிப் போறப்ப ஆப்பீசுல குடுப்பீங்களே, அந்த மாதிரியா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா."

"சரி. வெச்சிட்டுப் போங்க, கிராணி ஐயா."

இத்தனை வருடமாக என்னை 'தம்பி' என்று மட்டுமே கூப்பிட்டவர்.

சாயங்காலம் குழம்பு வரவில்லை. அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். அலமாரி டப்பாக்களை இறக்கித் துடைத்து, உயர வரிசையில் திரும்ப அடுக்கினேன். பக்கத்து வீட்டில் கரண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் கை நின்றுபோனது.

"ஒரு எடத்துல உக்காருங்களேன். பாக்கற எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி.

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? நன்றிதானே சொன்னேன்?"

"உங்கம்மா சோறு போட்டப்பல்லாம் ரிப்பன் கட்டித்தான் குடுத்தீங்களா?"

இருட்டும் நேரத்தில் அக்காவின் கணவர் வந்தார். பொட்டலம் பிரிக்கப்படாமல் அவர் கையில் இருந்தது.

"மச்சான், இந்தா. 'கொடுக்கல் வாங்கல முடிச்சிட்டான் பாரு'ன்னு உங்கக்கா ஒரே அழுகை. எனக்கு பிஸ்கட்டு ரொம்பப் பிடிக்கும்லா. ஆனா இதைத் தின்னா எனக்கு ராத்திரி சோறு கிடையாது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதும் எங்கள் வீடுதான் என்று இருந்துவிட்டோம். நடுவில் இருந்த வழியை நானே அடைத்துவிட்டேனோ? கடைக்காரருக்கு நான் சொல்லும் நன்றி அவரை ஒரு நிமிடமாவது எனக்கு நெருக்கமாக்குகிறது. அதே சொல் அக்காவைக் கடைக்காரராக்கிவிட்டது. அதற்காகச் சொல்லாமலே இருந்துவிடுவதா? வாங்கிக்கொண்டே இருப்பவனுக்கும் உறுத்தும் அல்லவா? மன்னிப்புக் கேட்கலாம் என்று வாசல்வரை போனேன். அதையும் விறைப்பாக நின்றுதான் சொல்வேன் என்று தோன்றியது. திரும்பி வந்து, அடுக்கிய டப்பாக்களையே மறுபடி நகர்த்திக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாகச் சீப்பையும் தேங்காய் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு அக்காவின் அடுக்களைக்குள் நுழைந்தேன். மனைவியின் தலையை மட்டும், கேட்கக் கூச்சப்பட்டு, இத்தனை நாளும் நானே வாரிவிட்டிருந்தேன்.

"அக்கா, அவ முடி ஒரே சிக்கா கெடக்கு. எனக்குப் பின்ன வரல. நீங்க வந்து பின்னி விடணும்."

அக்கா அடுப்பைத் தணித்தார்.

"இதைக் கேக்க இவ்ளோ நாளா? அந்தப் புள்ள தலைய என்ன கதி பண்ணி வெச்சிருக்கியோ! குடு இங்க."

சீப்பைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.