தார்ப்பாய்க்கு அடியில் இருந்த விறகு

பச்சை விறகு எரியும்போது ஒரு சத்தம் வரும். ஸ்ஸ்ஸ்... காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. விறகின் முனையில் நுரை கட்டும். புகை சிம்னிப் பக்கமே போகாமல் நேராக நம் கண்ணைத் தேடி வரும்.

ஆஸ்டின் பக்கத்தில் ரவுண்ட் ராக்கில் வீடு வாங்கிய பிறகு எங்களுக்கு அது முதல் குளிர்காலம். டெக்சாஸில் ஸ்னோவா என்று சிரித்து, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டிருந்தபோதே கரண்ட் போனது. எங்கள் ஹீட்டர் முழுக்க எலக்ட்ரிக். மகள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

எனக்குப் பயமே இல்லை. ஃபயர்ப்ளேஸ் இருக்கிறது, பின்னால் விறகு அடுக்கி வைத்திருக்கிறேன், வாசலில் என் டீசல் ட்ரக் நிற்கிறது... அப்புறம் என்ன?

அந்த ட்ரக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆபீஸில் எல்லாரும் எலக்ட்ரிக் கார் புக் பண்ணிக்கொண்டிருந்த சமயத்தில், நான் போய் ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினேன். நாமக்கல்லில் லாரி வீட்டில் பிறந்தவன் வேறு எதை வாங்குவான்? ஆயில், ஃபில்டர், பெல்ட் எல்லாம் டிரைவ்வேயில் படுத்து நானே மாற்றுவேன். வாசலில் ரிப்பேர் வேலை கூடாது என்று குடியிருப்பு அசோசியேஷனிலிருந்து இரண்டு முறை லெட்டர் வந்தது. படித்துவிட்டு ஆயில் துடைக்க வைத்துக்கொண்டேன்.

விறகு விஷயத்தில்தான் மனைவி கவிதா முதலிலேயே சொல்லியிருந்தாள். அவளுடைய அப்பா கோபிச்செட்டிபாளையத்தில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். விறகு லோடு இறங்கும்போது ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்குகிற வீடு. அக்டோபரில் எங்கள் ஓக் மரத்தில் ஒரு பெரிய கிளை விழுந்தது. அதை நான் அறுத்து அடுக்கியபோது வந்து பார்த்தாள்.

"இதெல்லாம் பச்சைங்க. இந்த வருசத்துக்கு ஆகாது."

"மேல நல்லா காஞ்சிருக்கு கவி. நாலு மாசம் போதும்."

"ஷெட்டுக்குப் பின்னாடி பழைய ஓனர் போட்டுட்டுப் போன வெறகு இருக்குதே... அத வெச்சுக்கலாமுங்க."

அந்த விறகைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. சாம்பல் நிறம், முனையெல்லாம் வெடிப்பு, பட்டை உரிந்து, போதாததற்குச் சிலந்தி. உளுத்த கட்டை என்று முடிவு பண்ணி, ஸ்னோ வருவதற்கு நாலு நாள் முன்னால் ஊர்க் குப்பை போடும் டம்ப்பில் கொட்டுவதற்காக ட்ரக்கில் ஏற்றி வைத்தேன். குப்பைதான்... இருந்தாலும் மேலே தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்து, லாரி முடிச்சுப் போட்டேன். தார்ப்பாய் கட்டாமல் எங்கள் வீட்டில் எந்த லோடும் கிளம்பியதில்லை. ஆபீஸ் வேலையில் டம்ப்புக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. அத்தோடு மறந்தும் போனேன்.

கரண்ட் போன அன்று காலையில் நான் பச்சை ஓக்கைப் பற்ற வைத்த பத்தாவது நிமிடம் வீடு முழுக்கப் புகை. குழந்தை இருமியது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு இருமல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. ஜன்னலைத் திறந்தோம். புகை போனது, இருந்த கொஞ்சநஞ்சச் சூடும் அதோடு போனது. கவிதா குழந்தையைப் புடவைக்குள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"பாப்பா கால் ஜில்லுன்னு இருக்குதுங்க," என்றாள். அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆஸ்டினில் நண்பன் முரளி வீட்டில் கரண்ட் இருந்தது. ரோடெல்லாம் ஐஸ். இருந்தால் என்ன, ட்ரக் நாலு சக்கரத்திலும் இழுக்குமே! "கெளம்பு, அரை மணி நேரத்துல போயிடலாம்" என்று சாவியோடு வெளியே போனேன்.

கிர்ர்... கிர்ர்... ட்ரக் இருமியது. நின்றது. மறுபடி அடித்தேன், அதே கதை. பானெட்டைத் தூக்கி ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே டீசல் இல்லை, மெழுகு. தேங்காய் எண்ணெய் உறைந்த மாதிரி வெள்ளையாக.

நாமக்கல்லில் டீசல் விலை ஏறும், கலப்படம் ஆகும். உறையுமா? குளிருக்கு என்று டீசலில் ஊற்ற ஒரு மருந்து உண்டு. பெட்ரோல் பங்க் அலமாரியில் அதைப் பார்க்கும்போதெல்லாம், ஏமாந்தவன் வாங்குவது என்று தாண்டிப் போனவன் நான்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. கதவு திறந்தது.

"ஏனுங்க, தார்ப்பாயப் பிரிங்க," என்றாள் கவிதா. "அந்தப் பழைய வெறகு ட்ரக்குலதான இருக்குது?"

கயிறு இரும்பு மாதிரி விறைத்திருந்தது. அறுத்தேன். மேலே நாலு விரல் உயரத்துக்கு ஸ்னோ, அடியில் விறகு மொறுமொறுவென்று இருந்தது. ஒரு கட்டையைத் தூக்கினேன், எடையே இல்லை. கவிதா இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். டங்!

"காஞ்சிருக்குது," என்றாள்.

ஒரே குச்சியில் பிடித்துக்கொண்டது. நுரை இல்லை, புகை இல்லை. மத்தியானம் குழந்தையின் பாதத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். இளஞ்சூடு. கரண்ட் வரும்வரை மூன்று நாளும் அந்த ஒரே அறையில், ஒரே மெத்தையில் மூன்று பேரும் கிடந்தோம். ரசம்கூட அந்த நெருப்பில்தான்.

இப்போது வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது. போனில் தட்டினால் சூடு வருகிறது. டீசல் மருந்து ஷெல்ஃபில் வரிசையாக நிற்கிறது. விறகு இரண்டு வருடம் காய்ந்த பிறகுதான் உள்ளே வரும், அதுவும் கவிதா தட்டிப் பார்த்த பிறகுதான். குளிர்காலத்தில் ஆளுக்கொரு அறையில், ஆளுக்கொரு டிகிரியில் இருக்கிறோம். வசதிதான்... ஆனாலும் அந்த மெத்தை சில சமயம் ஞாபகம் வந்துவிடுகிறது.

போன வாரம் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்சம் கெத்தாகத்தான் சொன்னேன். தார்ப்பாய் முடிச்சுக்கு மட்டும் ஐந்து நிமிடம்.

"வேர் யூ ஸ்கேர்ட், அப்பா?"

"நானா? லாரி வீட்டுப் பையன்டா... பயமாவது!"

கிச்சனிலிருந்து கவிதா குரல் வந்தது. "உங்கப்பா அழுதாரு சாமி. அந்த பானெட்டைத் தூக்கி வெச்சுட்டு, அதுக்குப் பின்னாடி நின்னுட்டு. அதப் பாத்துட்டுத்தான் நான் வெளியவே வந்தேன்."

பானெட் என்னை மறைத்திருக்கும் என்றுதான் இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன்.